ஸ்கேன் பிரபுதாஸ் எழுதிய சீட்டு

இந்தக் கூட்டத்திற்குத் தலைமை தாங்க மனமில்லாமல் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் வைத்தியலிங்கம் அண்ணாச்சி அவர்களே, மேடையில் என் பக்கத்தில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் ஸ்கேன் சென்டர் உரிமையாளர் முகம்மது சாதிக் பாய் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பிரபுதாஸின் மனைவி சகோதரி மார்த்தாள் அவர்களே, சிவகிரியிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் இளையரசனேந்தலிலிருந்தும் இந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, என் மருத்துவ நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் டாக்டர் கோமதிநாதன். என்னைத் தெரியாதவர்கள் இந்தச் சங்கரன்கோவிலில் குறைவு. என்னிடம் ஏச்சு வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு. எழுபத்தோரு வயதில் இதுவரை நான் எந்த மேடையிலும் கையில் காகிதத்தோடு நின்றதில்லை. இன்று என் சட்டைப் பையில் ஒரே ஒரு காகிதம் இருக்கிறது. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பதினெட்டு நாளைக்கு முன், ஒரு வியாழக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த பிரபுதாஸ் அவர்கள் பிறகு எழவில்லை. ஐம்பத்தேழு வயது. முப்பத்தோரு ஆண்டுக் காலம் ராஜபாளையம் சாலையில் இருக்கும் நம் ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தவர். முதலில் எக்ஸ்ரே, பிறகு சி.டி. ஸ்கேன். ஊரார் அவரை ‘ஸ்கேன் பிரபுதாஸ்’ என்றார்கள். நான் அவரை ‘ஏய் தாஸு’ என்று கூப்பிட்டேன். அவருக்குக் கல்யாணமாகி, தலை நரைத்த பிறகும் அப்படித்தான் கூப்பிட்டேன். இந்த வாய்தான் இன்று ‘அவர்கள்’ என்று சொல்கிறது. ஒரு மனிதருக்கு ‘அவர்கள்’ போடுவதற்கு அவர் செத்துப்போக வேண்டியிருக்கிறதே, நாமெல்லாம் என்ன மனிதர்கள்!

அவர் டாக்டர் இல்லை. படம் எடுப்பவர். படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் சென்னையில் இருக்கிறார். இங்கே எடுக்கிற படம் இன்டர்நெட்டில் அவருக்குப் போகும்; ரிப்போர்ட் திரும்பி வரும். அந்தச் சென்னை டாக்டர் நம் ஊர் மக்களின் முகத்தைப் பார்த்ததில்லை. அந்த மேசையில் நம்மைப் படுக்க வைத்து, காலுக்கடியில் தலையணை வைத்து, ‘பயப்படாதீங்க’ என்று சொன்னது பிரபுதாஸ் ஒருவர்தான்.

அந்த மிஷின் வந்த புதிதில் அது இந்தியில் பேசியது. மூச்சை இழு, பிடி, விடு என்று அதுபாட்டுக்கு இந்தியில் சொல்லும். நம் தறிக்காரப் பெண்களுக்கு அது என்ன தெரியும்? சிலர் சிரித்தார்கள். ஒரு அம்மா கடைசி வரை மூச்சை விடாமல் பிடித்துக்கொண்டு கண் பிதுங்கப் படுத்திருந்தார். பிரபுதாஸ் என்ன செய்தார்? புத்தகத்தைப் பார்த்து, மிஷினில் தன் குரலையே பதிவு செய்துவிட்டார். “மூச்ச உள்ள இழுங்கம்மா… அப்படியே பிடிச்சுக்கோங்க… ம், இப்ப மெதுவா விடுங்க.” என் அக்கா காந்திமதியம்மாள் முதன்முதலாக ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள், இவ்வளவு மரியாதையாக அவளிடம் பேசிய மிஷின் அதுதான் என்றும், உடன் பிறந்த நான்கூட அப்படிப் பேசியதில்லை என்றும்.

என் அக்காவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இனி அந்தக் கதையைச் சொல்லாமல் இறங்க முடியாது. அதைச் சொல்லத்தான் நான் மேடை ஏறினேன். சாதிக் பாய் வேண்டாம் என்றார். இரங்கல் கூட்டத்தில் இதெல்லாம் எதற்கு டாக்டர் என்றார். இறந்தவரைப் பற்றி உண்மையைச் சொல்வதற்கு வேறு எந்தக் கூட்டம் இருக்கிறது?

நான்கு ஆண்டுகளுக்கு முன், மாசி மாதம், அக்காவுக்கு விலாவில் வலி. கல்லாக இருக்கும் என்று நான்தான் ஸ்கேனுக்கு எழுதினேன். கல்தான். சின்னக் கல். ரிப்போர்ட்டைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் எங்கள் தொழிலில் எப்படிப் பார்ப்போம் தெரியுமா? மூன்று பக்க ரிப்போர்ட்டில் கடைசி இரண்டு வரியைப் பார்ப்போம். முடிவு என்ன, அவ்வளவுதான். இங்கே அமர்ந்திருக்கும் டாக்டர்கள் என்னை முறைக்க வேண்டாம், நீங்களும் அப்படித்தான். கடைசி வரியில் கல் என்று இருந்தது. நிம்மதியாக உறையை மூடப்போனேன்.

படம் வைக்கிற அந்தப் பெரிய உறையின் மேல் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. நீல மையில், குண்டு குண்டான எழுத்து. ‘சார், கல் பெரிசில்லை. அக்காவின் முதுகெலும்பு எண் 78. தயவுசெய்து பார்க்கவும். – பிரபுதாஸ்.’

அந்த எண் என்ன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கல்லைத் தேடி எடுக்கிற படம்தான் அது. ஆனால் வயிற்றைப் படம் எடுத்தால் முதுகெலும்பு மட்டும் வெளியே போய் நிற்குமா? அதுவும் படத்தில் இருக்கிறது. இடுப்புப் பக்கத்து முதல் எலும்பின் நடுவில் ஒரு சின்ன வட்டம் போட்டால் கம்ப்யூட்டர் ஒரு எண்ணைக் காட்டும். நூற்றைம்பது, இருநூறு என்றால் கவலை இல்லை. நூற்றுக்குக் கீழே என்றால் எலும்பு உள்ளுக்குள் மெலிந்திருக்கலாம். அதை வைத்து உடனே மருந்து கொடுத்துவிட மாட்டோம். ரத்தம் பார்ப்போம், திருநெல்வேலிக்கு அனுப்பி எலும்பு அடர்த்தியைத் தனியாகப் பார்ப்போம். ஆனால் யாரை அனுப்ப வேண்டும் என்பதை அந்த எண் சொல்லிவிடும். புதிதாக ஒரு ஸ்கேன் வேண்டாம், கூடுதலாக ஒரு துளி கதிர்வீச்சு வேண்டாம். ஏற்கெனவே எடுத்த படம். அதில் இருக்கிறது. பார்த்தால் போதும்!

மதுரையில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டுவிட்டு வந்தவர் பிரபுதாஸ். ஐம்பது பேர் கேட்டிருப்பார்கள். ஊருக்கு வந்து, மறுநாளிலிருந்து, ஒவ்வொரு படத்திலும் அந்த வட்டத்தைப் போட்டவர் அவர்.

நான் என்ன செய்தேன்? அந்தச் சீட்டைக் கசக்கினேன். என் மேசைக்குக் கீழே கூடையில் போட்டேன். போட்டதோடு நிற்கவில்லை. சாதிக் பாய்க்குப் போன் செய்தேன். படம் எடுக்கிறவன் படம் எடுக்கட்டும், எனக்கு வைத்தியம் சொல்லித்தர வேண்டாம், இனிமேல் உம்ம ஆள் சீட்டுக் கீட்டு எழுதினால் நான் வேறு சென்டருக்கு ஆள் அனுப்புவேன் என்று கத்தினேன். சாதிக் பாய் பாவம், என்ன செய்வார்? இனிமேல் எழுதாதே என்று பிரபுதாஸிடம் சொல்லிவிட்டார். அதனால்தான் இவர் இன்று தலை குனிந்திருக்கிறார். பாய், தலையை நிமிர்த்துங்கள். அந்தப் பழி உங்களுடையது இல்லை. போன் செய்தவன் நான்.

அதற்கு ஐந்து மாதம் கழித்து ஆடி வந்தது.

நம் ஊரில் ஆடிச்சுற்று என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொடியேறியதும் கோயிலைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். அக்கா வருஷா வருஷம் நூற்றெட்டுச் சுற்று சுற்றுவாள். கணக்கு தப்பக் கூடாது என்று நூற்றெட்டுப் புளியங்கொட்டையை மடியில் கட்டிக்கொள்வாள். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டையை எடுத்துப் போட்டுவிடுவாள். அந்த வருஷம் நான்காம் நாள், அறுபத்தோராவது சுற்று முடிந்து திரும்பினாள். வழுக்கவில்லை. யாரும் இடிக்கவில்லை. கல் தடுக்கவில்லை. சும்மா திரும்பினாள். இடுப்பெலும்பு முறிந்து விழுந்தாள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மடியில் மிச்சமிருந்த புளியங்கொட்டையை அவள் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றியும் கையைத் திறக்கவில்லை. “ஏலே கோமதி, இன்னும் நாப்பத்தேழு இருக்குல” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கட்டுப் போட்ட கை இது. என் அக்காவின் காலைத் தொடத் தைரியம் வரவில்லை.

திருநெல்வேலியில் ஆபரேஷன். அங்கே இருந்த எலும்பு டாக்டர், என் வயதில் பாதிகூட இருக்காது, பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மாசியில் எடுத்த உறையைக் கொடுத்தேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பத்து விநாடி. “சார், அப்பவே தெரியுதே” என்றார். எனக்கு அந்த நீல மை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

ஊருக்குத் திரும்பிய அன்றே ஸ்கேன் சென்டருக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். பின்னறையில் பிரபுதாஸ் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்த மன்னிப்பெல்லாம் மறந்துபோயிற்று. “தாஸு, அக்கா விழுந்துட்டா” என்றேன்.

அவர் என்னைக் குறை சொல்லியிருக்கலாம். நியாயம் இருந்தது. குறைந்தபட்சம் நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“தப்பு எம்மேலயும் இருக்கு சார். சீட்டு எழுதாதன்னாங்க, நிறுத்திட்டேன். நேர்ல வந்து வாயால சொல்லிருக்கணும். ஒங்களுக்குப் பயந்துட்டேன்.”

தாய்மார்களே, பெரியோர்களே! என் கோபத்துக்கு இந்த ஊர் பயப்படுகிறது என்று நான் பெருமைப்பட்ட காலம் உண்டு. அந்தப் பயத்தின் விலை என் அக்காவின் இடுப்பு என்று அந்தப் பின்னறையில்தான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் அவர் கையைக் கழுவிவிட்டு என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பட்டியலைத் திறந்தார். பெயர், ஊர், போன் நம்பர், அந்த எண். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோரும் நூற்றுக்குக் கீழே. கல்லுக்கும் குடல்வாலுக்கும் வயிற்று வலிக்கும் படம் எடுத்தவர்கள். அந்த மிஷினில் பழைய படங்களெல்லாம் சேமிப்பில் இருக்கின்றன அல்லவா, ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பத்தாகத் திறந்து வட்டம் போட்டிருக்கிறார். நான் திகைத்துப்போய், எழுதாதே என்று சொன்ன பிறகுமா என்று கேட்டேன்.

“எழுதக் கூடாதுன்னுதான சார் சொன்னாங்க. பாக்கக் கூடாதுன்னு சொல்லலியே” என்றார்.

இதுதான் பிரபுதாஸ். எதிர்த்துப் பேசத் தெரியாது. பார்க்காமல் இருக்கவும் தெரியாது.

அன்றைக்கு ஆரம்பித்தோம். சாதிக் பாய் உடனே சம்மதித்தார். சென்னை டாக்டரிடம் பேசினோம். வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் எலும்பைப் பற்றி ஒரு வரி எழுத அவர் ஒத்துக்கொண்டார். அந்த வரியை எங்கே போடுவது என்று பேச்சு வந்தது. நடுப்பக்கத்தில் போடலாம், முறைப்படி அதுதான் இடம் என்றார் அவர். பிரபுதாஸ் மெல்ல என் காதில் சொன்னார், “சார், டாக்டருங்க கடைசி வரியத்தான் படிக்காங்க. அங்கனயே போடச் சொல்லுங்க.” கடைசி வரியிலேயே போட்டோம். என் நாற்பது வருஷ வைத்தியத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனம் யாரும் செய்ததில்லை.

வரப்போகிறவர்களுக்கு வரி இருக்கிறது. ஏற்கெனவே வந்துபோன முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்? அவரும் அவருடன் வேலை பார்க்கும் ஆனந்தியும் மதியத்தில் உட்கார்ந்து போன் போட்டார்கள். ஆனந்தி இங்கேதான் தூணோரமாக நிற்கிறாள். போன் செய்து, ‘உங்கள் எலும்பு மெலிந்திருக்கிறது’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஏதோ மோசடி என்று வைத்துவிடுவார்கள். ஒருவர் போலீஸுக்குப் போகிறேன் என்றார். பிரபுதாஸ் கோபப்படவே இல்லை. ‘உத்திரம் வெளிய பாத்தா நல்லாத்தாம்மா இருக்கும், உள்ள கரையான் அரிச்சிருக்கும்லா, அது மாதிரி. ஒண்ணும் பயமில்ல, தட்டிப் பாத்துருவோம், வாங்க’ என்று அதையே நூறு பேரிடம் நூறு தடவை சொல்வார். போன் நம்பர் மாறிப்போனவர்களைத் தேடி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். மார்த்தாளம்மா ஒருமுறை என்னிடம் சலித்துக்கொண்டார்கள், கோயிலுக்கு உடுத்திய வேட்டியோடு மனுஷன் அப்படியே சிவகிரி பஸ்ஸில் ஏறுகிறார், ஆற அமரச் சாப்பிடுவதில்லை என்று. சலிப்பிலும் அவர்களுக்கு ஒரு பெருமை இருந்தது. எனக்குத் தெரியும்.

அப்படித் தேடியதில் பத்தொன்பது பேருக்கு நாங்கள் போவதற்குள் எலும்பு முறிந்திருந்தது. அந்தப் பத்தொன்பதில் எத்தனை பேர், சீட்டு நின்றுபோன அந்த ஐந்து மாதத்தில் விழுந்தவர்கள் என்று அவர் ஒருபோதும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

மற்றவர்கள்? இந்தக் கூட்டத்தில் மைமூனம்மாள் வந்திருக்கிறார்கள். தறிக்கு நூல் தார் சுற்றுகிற வேலை. காலையிலிருந்து மாலை வரை தறிக் கொட்டகைக்குள், வெயிலே படாது. கல்லுக்கு ஸ்கேன் எடுக்க வந்தவர்கள். எண் 74. சோதித்தோம், மருந்து கொடுத்தோம், ஒன்றரை வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். போன ஐப்பசியில் ஒருநாள் ஸ்கேன் சென்டர் வாசலில் வந்து நின்றுகொண்டு, பிரபுதாஸைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னவோ ஏதோ என்று வெளியே ஓடி வந்தால், “அண்ணே, நேத்து பாத்திரம் கழுவுற அங்கணத்துல வழுக்கி விழுந்தேன். நல்ல அடி. ஒடயலண்ணே” என்று சொல்லிச் சிரித்தார்களாம். அதைச் சொல்வதற்காக மட்டும் வந்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் பிரபுதாஸ் என் கிளினிக்குக்கு வந்து இதைச் சொன்னார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை. மருந்தால்தான் ஒடியவில்லையா, விழுந்த விதத்தால் ஒடியவில்லையா என்று டாக்டராக நான் உறுதி சொல்ல முடியாது. அதையும் அவரிடம் சொன்னேன், என் வாய் சும்மா இருக்குமா? அவர் சிரித்தார். “எதனாலயோ இருக்கட்டும் சார். ஒடயலல்லா” என்றார்.

நான் உங்களைக் கேட்கிறேன். முறிந்த எலும்பைச் சேர்த்து வைத்தால் டாக்டருக்கு மாலை போடுகிறோம். முறியாத எலும்புக்கு யார் மாலை போடுவது? விழுந்தும் உடையாத இடுப்புக்கு எந்தக் கல்வெட்டு? நடக்காமல் போன ஆபரேஷனுக்கு எந்தப் பாராட்டு விழா? இந்த மண்டபத்தில் இன்று தன் காலில் நடந்து வந்து உட்கார்ந்திருக்கும் எத்தனை பேர், அந்த மனிதர் மதியச் சாப்பாட்டை ஒத்திப்போட்டதால் நடந்து வந்தவர்கள்! உங்களுக்கே தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாததற்காக அவர் உழைத்தார்.

என் அக்கா? ஆறு மாதத்தில் வாக்கர் பிடித்து நடந்தாள். நடந்ததும் முதல் கேள்வி, மிச்சம் நாற்பத்தேழு சுற்று. நான் சத்தம் போட்டேன். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள், நான்தான் கோபித்துக்கொள்வேன் என்றேன். அக்கா என்னிடம் பேச்சை விட்டுவிட்டு, பிரபுதாஸிடம் கேட்டாள். “அக்கா, நடக்கது எலும்புக்கு நல்லதுதான். ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணு. அதுக்கு மேல கெடையாது” என்றார் அவர். நான் சொன்னால் கேட்காதவள், அவர் சொன்னால் கேட்டாள். நாற்பத்தேழு நாள், நாற்பத்தேழு சுற்று. கடைசிச் சுற்றில் வேதக்கார மனுஷனான, சர்ச்சுக்குப் போகிற பிரபுதாஸ் கோயில் வீதியில் அவள் வாக்கருக்குப் பக்கத்தில், அவள் வேகத்துக்கு, அடி அடியாக நடந்து வந்தார். கடைசிக் கொட்டையை அக்கா கீழே போடவில்லை. அவர் கையில் கொடுத்தாள். போன வாரம் அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தபோது அது அங்கே இருந்ததாக ஆனந்தி சொன்னாள்.

அக்கா இன்று வரவில்லை. அவளால் இங்கே வர முடியும். வந்து உட்கார முடியாது என்றாள். வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாள்.

இப்போது என் பையில் இருக்கும் காகிதத்துக்கு வருகிறேன்.

அவர் போவதற்கு எட்டு நாளைக்கு முன், விடாத இருமலுக்காக நான் நெஞ்சு ஸ்கேன் எடுத்தேன். அவர்தான் எடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார். மிஷினுக்குள் அவர் குரல், ‘மூச்ச உள்ள இழுங்கம்மா’ என்று என்னையும் அம்மா ஆக்கியது. எழுந்து வந்து அதைச் சொல்லி இருவரும் சிரித்தோம். ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது. கடைசி வரியைப் பார்த்தேன். நுரையீரல் நன்றாக இருக்கிறது. போதும். உறையை வாங்கிக்கொண்டு போய் பீரோ மேல் போட்டேன். திறக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து கிளினிக்குக்கு வந்தார். “உறையப் பாத்தீங்களா சார்?” என்று கேட்டார். “பாத்தாச்சு, பாத்தாச்சு” என்றேன். ரிப்போர்ட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். “அப்ப சரி சார்” என்றார். நான் வீட்டுக்குக் கிளம்பியபோது வாசல் படியில் என் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டார். “பிடிச்சு எறங்குங்க” என்றார். மூன்றே படி. என்ன இது, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி என்று கேலி செய்தேன். அதுதான் கடைசி.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஆனந்தி என்னிடம் வந்து, அண்ணன் உங்கள் உறைக்குள் ஒரு சீட்டு வைத்தாரே, பார்த்தீர்களா என்று கேட்டாள். வீட்டுக்குப் போனேன். பீரோ மேலிருந்த உறையை எடுத்தேன். பிரித்தேன்.

அதே நீல மை. அதே குண்டு எழுத்து. படிக்கிறேன்.

‘சார், நெஞ்சு நல்லா இருக்கு. படத்தின் அடியில் முதுகெலும்பும் தெரியுது. எண் 86. வயிற்று ஸ்கேனுக்குத்தானே வரி எழுதுகிறோம், நெஞ்சு ஸ்கேனுக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதனால் சீட்டு. ஆம்பளை எலும்பும் எலும்புதான் சார். அக்காவுக்குப் பார்த்ததெல்லாம் உங்களுக்கும் பார்க்கவும். கசக்கிப் போட்டால் இன்னொன்று எழுதுவேன். – பிரபுதாஸ்.’

முதல் சீட்டை நான் கசக்கினேன் என்று அவருக்கு நான் சொன்னதே இல்லை. அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, நான்கு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நாள்கூட முகம் கோணாமல் வேலை பார்த்திருக்கிறார். இரண்டாவது சீட்டையோ நான் பார்க்காமலே ‘பாத்தாச்சு’ என்றேன். அந்தப் பொய்யை நம்பிக்கொண்டு போய்விட்டார். பிரபுதாஸ் அவர்களே, நான் பார்க்கவில்லை. இந்த ஊர் முன்னால் சொல்கிறேன், நான் பார்க்கவில்லை. இப்போது பார்த்துவிட்டேன். இதைக் கசக்க மாட்டேன். கசக்கினால் இன்னொன்று எழுத நீங்கள் இல்லை.

திருநெல்வேலிக்குப் போய்ச் சோதனை செய்துகொண்டேன். அவர் எண் பொய் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை முதல் மாத்திரை. வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில்; போட்டுவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, நிமிர்ந்து உட்கார வேண்டும். நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. அந்த அரை மணி நேரம் அவரை நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்வேன்.

நண்பர்களே, இந்த மேடையில் சில வாக்குறுதிகளைக் கொடுத்துவிட்டு இறங்குகிறேன். நெஞ்சு ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் அந்த வரி வரும், கடைசி வரியாகவே வரும். சென்னை டாக்டர் நேற்று சம்மதித்துவிட்டார். ஆனந்தி சீட்டு எழுதுவாள். அந்தச் சீட்டைப் பார்த்துக் கோபப்படுகிற டாக்டர் எனக்குப் போன் செய்யட்டும். என் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அவருக்காக வைத்திருக்கிறேன். முன்னூற்றுப் பன்னிரண்டில் இன்னும் இருபத்தேழு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பெயர்களை வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறோம். பெயரும் ஊரும் மட்டும்தான். போகும்போது நின்று படியுங்கள். உங்கள் சித்தி, உங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, உங்கள் தறிக்கூட வேலைக்காரி யாராவது இருந்தால் ஆனந்தியிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நான் போகிறேன். மிஷினில் இருக்கும் அவர் குரலை யாரும் அழிக்கப் போவதில்லை. சாதிக் பாய் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். இந்த ஊரில் இனி ஸ்கேன் எடுக்கிற ஒவ்வொருவரையும் பிரபுதாஸ்தான் மூச்சு விடச் சொல்வார்.

மார்த்தாளம்மா, உங்களுக்கு ஆறுதல் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை மதியங்களையெல்லாம் நாங்கள் எடுத்துக்கொண்டோம். எங்களை மன்னியுங்கள்.

இப்போது ஒரு நிமிடம் மௌனமாக நின்று அவருக்கு அஞ்சலி செலுத்துவோம். அவசரம் வேண்டாம். இளைஞர்கள் முதலில் எழுந்து, பக்கத்தில் இருக்கும் பெரியவர்களுக்குக் கை கொடுங்கள். பெரியவர்கள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலை நன்றாக ஊன்றிக்கொள்ளுங்கள். எழ முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே நிமிர்ந்தால் போதும். ஆனந்தி, இங்கே வா அம்மா, என் கையைப் பிடி. இந்த மேடையிலும் மூன்று படி இருக்கிறது.

பிடித்துக்கொண்டீர்களா? சரி. மெதுவாக எழுவோம்.